புறம்போக்கில் ஒரு கவுதாரி

பெரியவர் கூண்டின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார்.

உள்ளே ஆண் கவுதாரி தலையைத் தூக்கிப் பார்த்தது. உடனே கத்தவில்லை.

அவர் பின்வாங்கி வேலமரத்தடிக்குப் போனார். வெயில் இன்னும் புல்லைத் தொடவில்லை.

இந்தப் புறம்போக்கு முழுக்கச் சீமைக்கருவேலம் அடைந்து கிடந்தது. தன் கையால் வெட்டினார். வேர் தோண்டினார். கொழுக்கட்டைப்புல் விதைத்தார். கவுதாரி திரும்பி வரவேண்டும் என்றார்.

நிலத்தை வளைக்கப் பார்க்கிறார் என்றது ஊர். பட்டா கவுதாரி பேருக்கா, பெரியவர் பேருக்கா என்று டீக்கடையில் ஒருவன் கேட்டானாம்.



காட்டுப்பறவை ஒன்று வந்து குடியேறினால் போதும். ஊருக்கு அதுவே பதில் சொல்லும்.

வேட்டைக்குப் பேர்போன குடும்பம். சட்டம் வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்தார். வலையை எரித்தார். காட்டுப்பறவையைக் கூப்பிட வளர்க்கும் கூண்டுக் கவுதாரியை மட்டும் விடவில்லை.

அது கத்தியது.

மேட்டுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.



மறுபடி கத்தியது. மறுபடியும் பதில்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

பிறகுதான் கவனித்தார். சத்தம் கிட்டே வரவில்லை.

காட்டு ஆண் தன் எல்லைக்குள் இன்னொரு குரலைப் பொறுக்காது. ஒவ்வொரு கத்தலுக்கும் நெருங்கும். சண்டைக்கு வரும். இது இருந்த இடத்திலிருந்தே கத்துகிறது.

கூண்டுப் பறவை.

எவனோ வலை விரித்திருக்கிறான்.

மேட்டைச் சுற்றி வேகமாக நடந்தார்.

கூண்டு இருந்தது. பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான்.

அவருடைய தம்பி. முட்டை வைக்கும் பருவத்தில் பெட்டைகளை வலைபோட்டுப் பிடித்து விற்றவன். நம் குடும்பத்தில் எவனும் செய்யாத காரியம், நீ என் கூடப்பிறந்தவன் இல்லை என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். அத்தோடு பேச்சு நின்றது. தம்பி மனைவி செத்ததற்கும் அவர் போகவில்லை.

வலையைத் தேடினார். புல்லை விலக்கிப் பார்த்தார்.

ஒரு கண்ணிகூட இல்லை.

சரசரப்புக் கேட்டு நாச்சிமுத்து திரும்பினான். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஆள் நிற்பது நிழலாகத்தான் தெரிந்திருக்கும்.

"ஆருங்க அது? மெதுவா வாங்க. காட்டுக் கவுதாரி ஒண்ணு கத்துதுங்க."

அவர் விலக்கிய புல்லை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கிட்ட வரமாட்டீங்குது. புது எடமில்லீங்களா, பயமாட்ட இருக்குது. எங்கண்ணன் திருத்துன காடுங்க இது. ஊரே சிரிச்சுது. அவருகிட்ட ஆராவது போய்ச் சொன்னாத் தேவலைங்க."

மேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய பறவை கத்தியது.

நாச்சிமுத்து முகத்தை உயர்த்தினான்.

"கேக்குதுங்களா?"

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, தம்பிக்குப் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"கேக்குது" என்றார்.