லாரிச்சூரன்

ரோட்டோரப் புளியமரத்தில் ஓர் இளம் அணில் இருந்தது. அதற்கென்று தனியாகப் பேர் கிடையாது. அண்ணனோடு போனால் தம்பி, தங்கச்சியோடு போனால் அண்ணன், அவ்வளவுதான். ஒருநாள் அது வழிதவறி, ஓடிவந்த லாரிக்கு முன்னால் விழுந்தடித்து ரோட்டைத் தாண்டிவிட்டது. கூட்டாளி செம்பி அதைப் பார்த்துவிட்டு, "டேய், நீ லாரிச்சூரன்டா" என்றது.

பேர் மரம் முழுக்கப் பரவியது. அப்புறம் லாரி வரும்போதெல்லாம் சூரன் பாய்ந்தது. வால் நுனி நசுங்கிய அன்றுகூட அழவில்லை. சூரன் எப்படி அழும்?

ஒரு மதியம் அப்படிப் பாய்ந்து அந்தப் பக்கம் சேர்ந்து, பெருமையோடு திரும்பிப் பார்த்தது. கிளையில் ஒரு அணிலும் இல்லை. எல்லாம் இரை தேடப் போயிருந்தன.

'யாருமே பார்க்கலையே. அப்போ ஓடினது யாரு?' என்று அது குழம்பியது.

வீட்டுக்குப் போக மறுபடி தாண்டியாக வேண்டும். இன்னொரு லாரி வந்தது. காலெடுத்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது. இத்தனை நாள் இந்த நடுக்கம் எங்கே இருந்தது என்று புரியவில்லை. புல்லுக்குள் ஒடுங்கிக்கொண்டது. ரோடு வெறிச்சோடிய பிறகுதான் மெல்ல நடந்து வந்தது.

மரத்தடியில் செம்பி நின்றிருந்தது. "எங்கடா போனே, சூரா? குட்டிங்க எல்லாம் நீ பாயறதைப் பார்க்கணுமாம். லாரி வருது பாரு."

அணில் ரோட்டைத் திரும்பிப் பார்த்தது.

"சூரன் அந்தப் பக்கம் போயிருக்கான்," என்றது. "இன்னும் வரலை."

சொல்லிவிட்டு, செம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதுவும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.