நோஞ்சான் பவர் சப்ளை

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் ஆறு வருடமாகக் குடியிருந்தன. "நோஞ்சான், நீ கொடுக்கிற கரண்டு எனக்குக் காலைப் பலகாரத்துக்கே காணாது" என்று கார்டு முதல் வாரத்தில் சொன்னதைப் பவர் சப்ளை மறக்கவேயில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் மாசிலாமணி, "புது கார்டு வாங்கிட்டு, பழசைக் காயலான் கடையில போடணும்" என்றார். ஒழிந்தான் என்று நினைத்த பவர் சப்ளைக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை.

அவர் பெட்டியைத் திறந்து, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த வாட்ஸ் எண்ணைப் படித்தார். "இந்தக் கரண்டு புது கார்டுக்குப் பத்தாதே. சரி, பழசே ஓடட்டும்" என்று மூடினார்.

"நீ நோஞ்சானா இருந்ததாலதான் பிழைச்சேன், அண்ணே" என்றது கார்டு.

"இன்னைக்குத்தான் அண்ணனா? அந்தப் பேச்சை நான் மறக்க மாட்டேன். தட்டை நீட்டு, கரண்டு சூடா இருக்கும்போதே சாப்பிடு."