சிறந்த நடிகர்

மெட்ராஸ் விழாவில் நடிகருக்கு விருது கிடைத்ததும், அவர் சுரங்கத் தொழிலாளியாக நடித்த படம் சுரங்க ஊரான மாரிகுப்பத்துக் கொட்டகைக்குத் திரும்ப வந்தது. கண்மணி ஐந்தாம் நாளும் தரை டிக்கெட் வாங்கினாள்.

"இன்னாடி, ஹீரோ மேல அவ்ளோ ஆசையா?" கூட வந்த பக்கத்து வீட்டு ராணி சிரித்தாள்.

கதாநாயகன் இருமி இருமிச் சாகும் காட்சி வந்தது. கொட்டகையே அழுதது. கண்மணி கண்களை மூடிக்கொண்டாள்.

"விருதே இந்த சீனுக்குத்தான். பார்க்காம இன்னா பண்றே?"

"கேக்குறேன்க்கா. அந்த நடிகருக்கு இரும வரலைன்னு, ஷூட்டிங்குக்கு வந்தவங்க சுரங்கத் தூசியால இருமிக்கினு கெடந்த எங்க வூட்டுக்காரரை மைக் முன்னாடி இரும வெச்சாங்க. மறுமாசமே அவரு போய்ட்டாரு. ஒரு போட்டோகூட இல்ல. இதுதான் இருக்குது."

ராணி தன் விசும்பலை முந்தானையால் அடக்கிக்கொண்டாள். இருமல் இன்னும் முடியவில்லை.