தொடப்பத்தில் போன மந்திரி பதவி

தொடப்பம் பறந்து வந்து எம்.எல்.ஏ. தர்மராஜின் தோளில் விழுந்தபோது, டிவி கேமரா சரியாக அவர் முகத்துக்கு எதிரே இருந்தது.

எறிந்தது, மூடிப்போன தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸின் தொழிலாளர் லைன் வீட்டுப் பழனியம்மா. வயது அறுபத்தெட்டு.

"இன்னாய்யா எம்.எல்.ஏ.! போர் மோட்டார் எரிஞ்சி நாப்பது நாளாவுது. நீ நடைபாதைக்கு ரிப்பன் வெட்ட வந்துட்டியா? குளிச்சிட்டுத்தானே வந்திருக்கே? நாங்க குளிச்சி நாலு நாளாவுது. கிட்ட வந்து மோந்து பாரு!"

கூட்டம் சிரித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளென்றால் பாதி ஊர் விடிவதற்குள் பெங்களூர் ரயிலில் ஏறியிருக்கும். அன்றைக்கு எல்லோரும் இருந்தார்கள். எல்லோர் கையிலும் செல்போன்.

தர்மராஜ் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார்.

அவருடைய உதவியாளர் ரவிகுமாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"உனுக்கு முதியோர் பென்ஷன் வாங்கிக் குடுத்தது யாரு? அண்ணன்தானே? கொஞ்சமாவது நன்றி இருக்குதா?"

"பென்ஷனை இன்னா, குடத்துல ஊத்திக் குடிக்கிறதா?" என்றாள் பழனியம்மா.

மத்தியானத்துக்குள் கர்நாடகம் முழுக்கப் பார்த்துவிட்டது. கன்னடச் சேனல்கள் தொடப்பத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டின. 'ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்குப் பொரக்கெ பூஜை' என்று தலைப்பு வேறு. கன்னடத்தில் பொரக்கெ என்றால் தொடப்பம்.

மறுநாள் மாரிக்குப்பத்தில் கிளம்பிய பெங்களூர் ரயில் பங்காருபேட்டை தாண்டும்வரை அதே பேச்சு. "அந்தாளுக்கு நல்லா வேணும்" என்றார்கள் பாதிப்பேர். "கெழவிக்குத் திமிரு" என்றார்கள் மீதிப்பேர்.

அதே திங்கட்கிழமை புது மோட்டார் வந்தது. கூடவே இரண்டு இன்ஜினியர்கள். கேமரா முன்னால் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்தும் காட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை புது மந்திரிகளின் பட்டியல் வந்தது. தர்மராஜ் பெயர் அதில் இல்லை.

மூன்று தேர்தலில் தோற்று நாலாவதில் ஜெயித்த மனிதர். இந்த முறை மந்திரி என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். ரவிகுமார் சால்வைக்கும் பட்டாசுக்கும் சொல்லி வைத்திருந்தார்.

"பெங்களூர்ல பேசினேண்ணா. 'சொந்த ஊர்லயே தொடப்பத்தால அடி வாங்கினவரை எப்பிடி மந்திரி ஆக்குறது'ன்னு கேக்குறாங்க. ஒரே ஒரு எடம் காலியா வெச்சிருக்காங்க. அந்தக் கெழவி கேமரா முன்னால மன்னிப்பு கேட்டா இன்னும் சான்ஸ் இருக்குது."

"விடு ரவி."

"எப்பிடிண்ணா விடுறது? அந்த மோட்டாருக்காக எட்டு லெட்டர் எழுதினீங்க. நாலு தடவை பெங்களூர் போயி ஆபீஸ் வாசல்ல கால் கடுக்க நின்னீங்க. ஃபைல் நகரவே இல்ல. அதெல்லாம் அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"அதான் திங்கக்கிழமை நகர்ந்துடுச்சே."

"ஜோக்கடிக்காதீங்கண்ணா. ஒரு நடைபாதை ரிப்பனுக்கு நாலு டிவி எப்பிடி வந்தது? எவனோ எதிர்க்கட்சிக்காரன் செஞ்ச வேலை. நான் கண்டுபுடிக்காம விடமாட்டேன்."

தர்மராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலமே ரவிகுமார் அவரை விடாப்பிடியாகப் பழனியம்மா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பழனியம்மா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ.

ரவிகுமார் செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பெருசா ஒண்ணும் வேணாம். 'கோவத்துல தெரியாம எறிஞ்சிட்டேன், எம்.எல்.ஏ. ரொம்ப நல்லவரு, மன்னிச்சிடுங்க.' அவ்ளோதான். சொல்லு."

பழனியம்மா தர்மராஜைப் பார்த்தாள்.

"சொல்லிடட்டுமா தம்பி? வந்த பதவியாச்சே."

"வாயைத் தொறக்கக் கூடாதுக்கா" என்று டீயை ஊதினார் தர்மராஜ்.

"அண்ணா! உங்களுக்கு இன்னா ஆச்சு?" ரவிகுமார் ஏறக்குறைய கத்திவிட்டார்.

அப்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பக்கத்து ஏரியாவான பாலகாட்டின் மகளிர் சங்கத் தலைவி வெண்ணிலா.

"நல்லவேளை, இங்கயே இருக்கீங்களாண்ணா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவள், ரவிகுமாரைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"பரவால்ல, சொல்லும்மா. எத்தினி நாளைக்கு இவன்கிட்ட மறைக்கிறது?" என்றார் தர்மராஜ்.

"எங்க ஏரியா பாலம் உடைஞ்சி மூணு மாசமாவுதுண்ணா. ஆட்டோகூட வரமாட்டேங்குது. போன வாரம் பிரசவ வலியில துடிச்ச பொண்ணைக் கட்டிலோட தூக்கிட்டு ஓடினோம். வர ஞாயித்துக்கிழமை எங்களுக்குக் குடுத்துடுங்கண்ணா. அக்காவுக்குச் செஞ்ச மாதிரியே டிவிகாரங்களையும் நீங்களே வரச் சொல்லிடுங்க. இன்னா இன்னா திட்டணும்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா மனப்பாடம் பண்ணிக்குவோம். தொடப்பம் எங்ககிட்டயே இருக்குது."

ரவிகுமாரின் கை, செல்போனோடு மெல்லக் கீழே இறங்கியது.

தர்மராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மோட்டாருக்கே தொடப்பம் ஆச்சு. பாலம்னா அது பத்தாதும்மா. செருப்பா எடுத்தாந்துடுங்க."