மழை நாளில் ஐம்பது குச்சி

வெளிநாட்டு லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களுக்கு அரசு உதவி உண்டு. ஆனால் வருகைப் பதிவேட்டில் குருவம்மாளின் பெயர் இல்லை. "பத்தொம்பது வருசம் பெட்டி அடைச்சேன் சார்." "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்ற எழுத்தர், குச்சி மூட்டையை மேசையில் கொட்டினார். "பெட்டிக்கு அம்பது. எண்ணாம அள்ளுங்க, பாப்போம்." பெட்டி அடைப்பவர்கள் எண்ணுவதே இல்லை, பிடி நிறைந்ததும் 'போதும்' என்று சுண்டுவிரலே சொல்லிவிடும். ஆனால் மழைக்காலத்தில் குச்சி ஈரம் குடித்து ஊதியிருக்கும், பிடியை மயிரிழை தளர்த்த வேண்டும். "குருவக்கா, மூணு நாளா மழை, பாத்து அள்ளு" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. "யாரும் சொல்லிக் குடுக்கக்கூடாது" என்று எழுத்தர் அதட்டினார். குருவம்மாள் தளர்த்தித்தான் அள்ளினாள். அள்ளியதை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கையை மூடிக்கொண்டாள். அவர் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். "நாப்பத்தெட்டு. நாப்பத்தொம்பது." அதோடு முடிந்துவிட்டது. "ஒண்ணு குறையுதேம்மா" என்று அவர் பேனாவைத் திறந்தார். "இருங்க சார்" என்றாள் குருவம்மாள். வியர்த்த உள்ளங்கையில் என்னவோ உறுத்தியது. ஒட்டிக்கொண்ட குச்சியா, பத்தொன்பது வருடக் காய்ப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கையை அவர் பக்கம் நீட்டி, மெல்ல விரல்களைப் பிரித்தாள்.