பேராசிரியரின் டீசல் கார்

"கோளாறு வண்டியில இல்லப்பா. இவ கால்ல இருக்கு," என்றார் ரதோமிர், என் பட்டறையின் ஒரே நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

காலுக்குச் சொந்தக்காரி ஸ்லாவிட்சா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புது மணப்பெண். கார், கல்யாணத்துக்கு ரதோமிர் கொடுத்த பரிசு. பழைய டீசல். மேடு வந்தால், என்ன மிதித்தாலும் மூச்சை விட்டுவிடும்.

மிதிக்கத் தெரியாதவள் என்று மாமியார் சாவியைப் பிடுங்கி ரதோமிரிடம் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வேலைக்கு இப்போது பஸ்.

ரதோமிர் அவர்களுடைய கூம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சாட்சி நின்றவர். செர்பியாவில் பாதிரியாரைக்கூட எதிர்த்துப் பேசலாம், கூமைப் பேச முடியாது.

போதாததற்குக் கால்பந்துக் கழகத் தலைவர். போன கோடையில் கழக விழாவுக்குத் தன் முகத்தை அச்சடித்த பீர் டப்பாக்களை ஊர் முழுக்கக் கொடுத்தார். நானும் குடித்தேன். கழுநீர்.

"ஜெர்மன் பேராசிரியர் வெச்சிருந்த வண்டி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் எடுப்பாராம். நான்தான் நேரா ஓட்டிக்கிட்டு வந்தேன். நம்ம ஊர்க்காரன் ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொட்டதில்ல."

இதையேதான் கல்யாணத்தன்று ட்ரம்பெட்டுகளை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார். கைதட்டினோம்.

மடிக்கணினியைக் காரில் செருகி, ஸ்லாவிட்சாவை மிதிக்கச் சொன்னேன். திரையில் ஆக்சிலரேட்டரின் கோடு ஒழுங்காக உச்சிக்கு ஏறியது. இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் கதவின் கோடு பாதியிலேயே நின்றது.

"கால் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"கம்ப்யூட்டர் கெடக்கு. பொம்பளைங்க கால் எனக்குத் தெரியாதா?" என்றார் கூம்.

த்ராட்டிலைக் கழற்றினேன். கரியும் எண்ணெயும் குழைந்து, அடைத்துக்கொண்ட சாக்கடை மாதிரி வழிந்தது. பேராசிரியர் போன சர்ச் நரகத்தில் இருந்திருக்க வேண்டும்.

கதவிடுக்கில் ஒரு தகரத் துண்டு. புகை திரும்பி இன்ஜினுக்குள் போகாமலிருக்க எங்கள் ஆட்கள் வெட்டிச் செருகும் அடைப்பு. இடத்தைவிட்டுக் கழன்று வந்து கதவைத் திறக்கவிடாமல் கவ்வியிருந்தது.

"ஜெர்மன்காரனும் செருகுவான்," என்றார் கூம். இப்போது எழுந்து நின்றிருந்தார். "அதத் தூக்கிப் போட்டுட்டு மூடுப்பா."

ஸ்லாவிட்சா என் கையிலிருந்து அதை வாங்கினாள். டீசலில் துணியை நனைத்துத் துடைத்தாள்.

முதலில் ஒரு பக்கத்து மீசை வந்தது. பிறகு பாதிச் சிரிப்பு.

மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். தகரத்தை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அடடா, பேராசிரியர் அப்படியே உங்க ஜாடைங்க, கூம்."