பல்லி ஒப்புக்கொண்ட ஓவியம்

நம்புகிறவர்கள் நம்பலாம், கண்காட்சிக் கூடத்தில் நானே காது கொடுத்துக் கேட்டது இது. நகரத்துத் தெருக்களையும் அங்கே கேட்கும் பாட்டையும் வெறும் வண்ணங்களாகத் தீட்டிய ஓர் ஓவியம் அங்கே தொங்கியது. அதன் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது.

"நான் யாருக்கும் புரியலையாம். நாளைக்குக் கழற்றிக் கிடங்குல போடப் போறாங்க," என்றது ஓவியம்.

"அப்போ என் வீடு?" பல்லிக்குப் பகீரென்றது.

மாலையில் ஒருவர் வந்து உற்றுப் பார்த்தார். "சிவப்பா ஓடுறது பஸ்தானே?"

பல்லி பின்னாலிருந்து 'ச்சுச்சுச்சு' என்றது.

"பல்லியே சொல்லிடுச்சு," என்று அவர் பயபக்தியோடு சுவரைத் தட்டினார்.

அடுத்து ஓர் அம்மாள், "கல்யாண ஊர்வலத்து நாதஸ்வரம்," என்றார். அதற்கும் பல்லி சொன்னது. செய்தி பரவி, மறுநாள் காலையிலேயே கூட்டம் நெரிந்தது. கழற்ற வந்தவர்கள் ஏணியோடு திரும்பிப் போனார்கள்.

ஓவியம் மெதுவாகக் கேட்டது: "நிஜத்தைச் சொல்லு தம்பி. நான் பஸ்ஸா, நாதஸ்வரமா?"

"எனக்கென்னண்ணே தெரியும்? நான் இதுவரைக்கும் பார்த்தது உங்க முதுகை மட்டும்தான்," என்றது பல்லி.